ஒரு கிளாஸ் கிருமியும் நூறு வயிறும்

காலையில எட்டரைக்கு முழிப்பு. ஒன்பதுக்கு முதல் பீரியட். டிபன் கட். பதினோரு மணிக்கு கேன்டீன் டீயும் ரெண்டு பஜ்ஜியும். லேப் முடிஞ்சு மூணு மணிக்கு வெளியே வந்தா, நெஞ்சுக்குழிக்குக் கீழே சுருக்குனு ஒரு எரிச்சல். உடனே, 'அல்சர் மச்சி!'னு நீங்களே டாக்டர் ஆகி, ரூம்மேட் ஷெல்ஃபுல இருக்கிற பிங்க் கலர் மருந்தை ரெண்டு மூடி ஊத்திக் குடிச்சுட்டுப் படுத்துடறீங்க. யாராவது கேட்டா காரணம் ரெடி... டென்ஷன், காரம், நேரத்துக்குச் சாப்பிடாதது.

நீங்க மட்டும் இல்லை பாஸ். 1980-களின் ஆரம்பம் வரைக்கும் உலகத்துப் பெரிய பெரிய வயிற்று டாக்டர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. டென்ஷன் ஜாஸ்தியானா அமிலம் ஜாஸ்தி, அமிலம் ஜாஸ்தியானா புண். 1976-ல் பிரிட்டனில் சிமெடிடின் வந்தது, 1981-ல் ரானிடிடின் வந்தது. ரெண்டும் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரைகள். புண் ஆறும். மாத்திரையை நிறுத்தினா திரும்ப வரும். திரும்ப மாத்திரை. வருஷக்கணக்கில் இப்படியே ஓடும். ரானிடிடின் ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்து. ஏன் விற்காது? வந்த கஸ்டமர் போகவே மாட்டாரே!

இந்தக் கதையைப் புரட்டிப் போட்டது ஆஸ்திரேலியாவின் ஒரு ஓரத்தில் இருக்கிற பெர்த் நகரம். ராயல் பெர்த் ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்று ஒரு பேத்தாலஜிஸ்ட். வயிற்றிலிருந்து எடுத்த துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறதுதான் வேலை. 1979-ல், அழற்சி இருந்த ஒரு இரைப்பைத் துணுக்கில் வளைஞ்சு வளைஞ்சு ஏதோ பாக்டீரியா இருக்கிறதைப் பார்த்தார். 'இரைப்பை அமிலத்துல பாக்டீரியாவாவது, உயிரோட இருக்கிறதாவது' என்று மத்தவங்க சிரிச்சாங்க. மனுஷன் விடலை. தொடர்ந்து தேடினார், தொடர்ந்து கிடைச்சது.

1981-ல் அங்கே பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் பாரி மார்ஷல். அவருக்கு ஒரு ரிசர்ச் ப்ராஜெக்ட் வேணும் (ஆமாம், உங்களை மாதிரியேதான்). வாரனோடு கூட்டு சேர்ந்தார். 1982-ல் எண்டோஸ்கோப்பிக்கு வந்த 100 பேரின் வயிற்றுத் துணுக்குகளை எடுத்தாங்க. பாக்டீரியாவை லேபில் வளர்க்கப் பார்த்தா வளரவே இல்லை. வழக்கப்படி ரெண்டு நாளில் தட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த வருஷம் ஈஸ்டர் லீவில் ஒரு தட்டு அஞ்சு நாள் அப்படியே கிடந்தது. லீவு முடிஞ்சு வந்து பார்த்தா, கிருமி வளர்ந்து நிக்குது! மெதுவா வளர்ற ஜாதி. அந்த 100 பேரில், சிறுகுடலின் ஆரம்பத்தில் புண் இருந்த 13 பேரிடமும் இது இருந்தது. பதிமூணுக்குப் பதிமூணு.

அடுத்து வர்றதுதான் உங்களுக்கு ஃபார்வர்டா வந்திருக்கக்கூடிய சீன். யாரும் நம்பலை. பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மார்ஷல், நோய் வரலை. 1984-ல், முதல்ல தன் வயிறு சுத்தமா இருக்குன்னு எண்டோஸ்கோப்பி பண்ணி உறுதி பண்ணிக்கிட்டு, ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமியைச் சாறில் கலக்கி ஒரே மடக்கில் குடிச்சுட்டார். வயசு 32. எத்திக்ஸ் கமிட்டியிடம் கேட்கலை. பெண்டாட்டியிடமும் சொல்லலை! சில நாளில் குமட்டல், வாய் நாற்றம், காலையில் வாந்தி. மறுபடி எண்டோஸ்கோப்பி பண்ணினா, இரைப்பை முழுக்க அழற்சி, கூடவே கிருமி. அப்புறம் விஷயம் தெரிஞ்ச மனைவி ஏட்ரியன் சத்தம் போட, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார். 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு. ஸ்டாக்ஹோமிலிருந்து போன் வந்தப்ப ரெண்டு பேரும் பெர்த்தில் ஒரு பப்பில் உட்கார்ந்திருந்தாங்க.

செம சீன்தான். விசிலடிக்கலாம். ஆனா எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தக் கதையை எங்கே கேட்டாலும் கிளாஸோடு முடிச்சுடறாங்க. 'குடிச்சார், நிரூபிச்சார், ஜெயிச்சார்.' கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. மார்ஷலுக்கு அல்சரே வரலை! வந்தது இரைப்பை அழற்சி மட்டும். ஆரோக்கியமான ஒரு வயிற்றில் இந்தக் கிருமி குடியேறி அழற்சியை உண்டாக்க முடியும்... அந்த கிளாஸ் காட்டியது அவ்வளவுதான். இதே கிருமிதான் அல்சருக்குக் காரணமா? கொன்னா அல்சர் திரும்ப வராம இருக்குமா? இதுக்கெல்லாம் அந்த ஒத்தை வயிறு பதில் சொல்லலை.

பதில் சொன்னது 1988-ல் மார்ஷல் குழு லான்செட் இதழில் வெளியிட்ட இன்னொரு ஆராய்ச்சி. அதை யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க, ஏன்னா அதில் ஹீரோ கிடையாது. சிறுகுடல் புண்ணும் இந்தக் கிருமியும் இருக்கிற 100 பேர். சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி நாலு கோஷ்டியாப் பிரிச்சாங்க. பாதிப் பேருக்கு அமிலத்தைக் குறைக்கிற சிமெடிடின், பாதிப் பேருக்குப் பிஸ்மத். அதோடு கூட, சிலருக்கு டினிடசோல் என்கிற ஆன்டிபயாட்டிக், மத்தவங்களுக்கு அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. யாருக்கு ஆன்டிபயாட்டிக், யாருக்கு சும்மா மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. இதைத்தான் டபுள் ப்ளைண்ட் என்கிறோம்.

ரிசல்ட்? கிருமி போகாமல் தங்கிட்டவங்களில் 61 சதவிகிதம் பேருக்குப் புண் ஆறியது. கிருமி ஒழிஞ்சவங்களில் 92 சதவிகிதம். இது கூட பெரிய மேட்டர் இல்லை. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் புண் திரும்ப வந்தது எத்தனை பேருக்கு? கிருமி தங்கினவங்களில் 84 சதவிகிதம். ஒழிஞ்சவங்களில் 21.

அந்த 61-ஐ இன்னொரு தடவை பாருங்க. கிருமி அப்படியே இருக்கும்போதே நூத்துக்கு 61 பேருக்குப் புண் ஆறியிருக்கு. அல்சரோட குணமே அதுதான். வரும், ஆறும், திரும்ப வரும். சும்மா மாத்திரை கொடுத்தாலும் கணிசமான பேருக்கு ஆறிடும். அப்படின்னா யார் எதைக் கொடுத்தாலும், 'எங்க சித்தப்பாவுக்கு இதைச் சாப்பிட்டுத்தான் சரியாச்சு' என்று சொல்ல ஒரு சித்தப்பா கட்டாயம் கிடைப்பார். சித்தப்பா பொய் சொல்லலை. அவருக்கு சரியானது நிஜம். எதனால் சரியாச்சு என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க, அதே மாதிரி இன்னொரு கோஷ்டி சித்தப்பாக்கள் வேணும், அந்த மருந்தைச் சாப்பிடாதவங்களா.

கிரீஸ் நாட்டில் ஜான் லிகூடிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். மெசொலொங்கி என்கிற சின்ன ஊர். (கவிஞர் பைரன் 1824-ல் இறந்துபோனது இதே ஊரில்தான்.) 1958-ல் தன் வயிற்றுக் கோளாறுக்கு ஆன்டிபயாட்டிக் எடுத்தவர், அது வேலை செய்யுதேன்னு நோயாளிகளுக்கும் கொடுக்க ஆரம்பிச்சார். ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்தார். மார்ஷலுக்கு இருபது வருஷத்துக்கு மேல முன்னாடி! கட்டுரை எழுதி அமெரிக்க மருத்துவ இதழுக்கு அனுப்பினார், திருப்பி அனுப்பிட்டாங்க. சொந்த நாட்டுல ஒழுங்கு நடவடிக்கை, 4,000 டிராக்மா அபராதம். தான் சொன்னது சரிதான்னு உலகம் ஒத்துக்கிறதைப் பார்க்காமலேயே 1980-ல் இறந்தும் போனார்.

அநியாயம்தான், சந்தேகமே இல்லை. ஆனா அவரிடம் இருந்தது குணமானவர்களின் நீண்ட பட்டியல் மட்டும்தான். ஒப்பிட இன்னொரு கோஷ்டி இல்லை. அதே காலத்தில் ஊருக்கு ஊர் தப்பான வைத்தியம் பண்ணிட்டிருந்தவங்ககிட்டயும் அதே மாதிரி பட்டியல் இருந்தது. லிகூடிஸை அவங்களிடமிருந்து பிரிச்சுக் காட்ட வெளியே இருக்கிறவனுக்கு ஒரு வழியும் இல்லை. அவர் ஊரில் ஒரு நூறு பேரைக் குலுக்கிப் பிரிச்சிருந்தார்னா, இடையில் வீணாப்போன அந்த இருபது வருஷத்தில் எத்தனை பேர் வயிற்றில் கத்தி படாமல் தப்பிச்சிருப்பாங்க என்று நினைச்சா மனசு கேட்கலை.

சரி, அல்சரோடு இந்தக் கிருமியின் வேலை முடிஞ்சுதா? இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று 1989-ல் பெயர் மாத்தப்பட்ட இந்த ஆசாமி (நாம பைலோரின்னே கூப்பிடலாம்) யூரியேஸ் என்கிற என்சைமைச் சுரக்கும். அது யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கும். அந்த அம்மோனியா அமிலத்தைத் தணிக்கும். கடல் அலைக்கு நடுவுல தன்னைச் சுத்தி மட்டும் கரை கட்டிக்கிட்ட மாதிரி! பெரும்பாலும் சின்ன வயசிலேயே வீட்டு ஆட்களிடமிருந்து தொத்திக்கும். அப்புறம் தானா போகாது, பல பத்து வருஷம் உள்ளேயே குடியிருக்கும். சும்மா இருக்குமா? அழற்சி, பிறகு இரைப்பைச் சுவர் மெலிஞ்சு போறது, பிறகு இரைப்பைச் செல் குடல் செல் மாதிரி மாறிப்போறது, கடைசியில் சிலருக்குப் புற்றுநோய். 1994-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு பைலோரியை முதல் வகைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவிச்சது. புகையிலை இருக்கிற அதே லிஸ்ட்.

அதுக்கு முந்தின வருஷமே ஒரு ஆச்சரியம் நடந்திருந்தது. இரைப்பையில் வரும் மால்ட் லிம்ஃபோமா என்கிற ஒரு வகைப் புற்றுநோய். லண்டனில் பீட்டர் ஐசக்சன் குழு, அந்த நோய் இருந்த 6 பேருக்கு பைலோரியை ஒழிக்க ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. 5 பேருக்குக் கட்டி கரைஞ்சது. கீமோ இல்லை, கத்தி இல்லை. தொண்டை வலிக்குக் கொடுக்கிற வகை மாத்திரையில் ஒரு கேன்சர் பின்வாங்குது! இன்னிக்கும் ஆரம்பக் கட்ட மால்ட் லிம்ஃபோமாவுக்கு முதல் சிகிச்சை இதுதான்.

ஆனா பொதுவான இரைப்பைப் புற்றுநோய் அவ்வளவு சுலபமா மசியலை. 2001-ல் ஜப்பான் டாக்டர்கள் 1,526 பேரைச் சராசரியா 7.8 வருஷம் பின்தொடர்ந்த கணக்கை வெளியிட்டாங்க. பைலோரி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய். இல்லாத 280 பேரில் பூஜ்யம். 'அப்போ கிருமியைக் கொன்னா கேன்சர் வராது' என்று முடிவு கட்டிடலாமா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் எழுதினவங்க கையைத் தூக்குவீங்க. கிருமி உள்ளவங்களுக்குக் கேன்சர் வருதுங்கிறது ஒரு விஷயம். கிருமியை எடுத்துட்டா கேன்சர் குறையுமாங்கிறது வேற விஷயம். ரெண்டாவதைத் தெரிஞ்சுக்க, திரும்பவும் குலுக்கித்தான் போடணும்.

குலுக்கினாங்க. சீனாவில் சாங்லே என்ற பகுதியில் 1,630 பேர். ஏழரை வருஷம் கழிச்சு 2004-ல் கணக்குப் பார்த்தா, மருந்து சாப்பிட்டவங்களில் 7 பேருக்குக் கேன்சர், சும்மா மாத்திரை கோஷ்டியில் 11 பேருக்கு. தற்செயல்னு ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம். சப்புனு ஆச்சு. ஆனா இரைப்பைச் சுவர் இன்னும் கெட ஆரம்பிக்காதவங்களை மட்டும் தனியாப் பார்த்தா, 0-க்கு 6. வீடு தீப்பிடிச்ச பிறகு தீப்பெட்டியைப் பிடுங்கி என்ன பயன், முன்னாடியே பிடுங்கணும்னு ஒரு குறிப்பு அதில் இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதே நாட்டின் ஷான்டாங் மாகாணத்தில், லின்ச்சூ மாவட்டத்தில் நடந்த ஆராய்ச்சி. இரைப்பைப் புற்றுநோய் அதிகம் இருக்கிற கிராமப்புறம். 1995-ல் 3,365 பேரோடு ஆரம்பிச்சாங்க. பைலோரி உள்ளவங்களில் குலுக்கல்படி பாதிப் பேருக்கு வெறும் ரெண்டு வாரம் ஆன்டிபயாட்டிக்கும் அமில மாத்திரையும். அதோடு தனித்தனிக் குலுக்கலில் சிலருக்கு ஏழு வருஷத்துக்கும் மேலே விட்டமின், சிலருக்குப் பூண்டு. ஆமாம், பூண்டேதான், சாறும் எண்ணெயுமா மாத்திரை வடிவத்தில்! 2006-ல் முதல் ரிசல்ட். கெட்டுப்போன திசு கொஞ்சம் சீராகியிருக்கு, ஆனா கேன்சர் குறைஞ்சதுன்னு தைரியமாச் சொல்ல முடியலை. நம்ம ஊரா இருந்தா, 'ஃபெயில்'னு எழுதிக் கோப்பை மூடியிருப்பாங்க. அவங்க மூடலை. 2012-ல், கிட்டத்தட்ட 15 வருஷக் கணக்கு... அந்த ரெண்டு வார மருந்து சாப்பிட்டவங்களில் 3.0 சதவிகிதம் பேருக்குக் கேன்சர், சாப்பிடாதவங்களில் 4.6. இப்போ வித்தியாசம் பளிச்சுனு தெரியுது. 2019-ல் 22 வருஷக் கணக்கு வந்தப்ப, ஆபத்து ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிருந்தது. இருபது வயசில் எம்.எஸ்ஸி. சேர்ந்தவன் நாற்பத்திரெண்டு வயசில் ரிசல்ட் பார்க்கிற மாதிரி!

பூண்டு என்ன ஆச்சுன்னுதானே கேட்கறீங்க? இரைப்பைப் புற்றுநோயால் இறக்கிறதைப் பூண்டும் விட்டமினும் குறைச்சது. ஆனா நோய் வர்றதையே குறைச்சதுன்னு விட்டமினைப் பத்தித்தான் சொல்ல முடிஞ்சது, பூண்டைப் பத்தி இல்லை. இன்னும் பெரிய ஆராய்ச்சி வேணும்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. அதனால பாட்டிகிட்ட போய் 'நீங்க சொன்னது விஞ்ஞானபூர்வமா நிரூபணம்'னு சொல்லிடாதீங்க. ரசத்துக்குப் போடறதைத் தடுக்கவும் வேண்டாம்.

அதே லின்ச்சூவில் அடுத்ததா 980 கிராமம், 1,80,284 பேர். தனி ஆளைக் குலுக்காமல் கிராமத்தையே குலுக்கினாங்க. ஒரு கிராமத்துக்கு முழு அளவு மருந்து, இன்னொரு கிராமத்துக்குப் பேருக்கு ஒரு டோஸ். 2024-ல் வந்த முடிவு: 11.8 வருஷத்தில் முழு மருந்துக் கிராமங்களில் இரைப்பைப் புற்றுநோய் 14 சதவிகிதம் குறைவு. கிருமி நிஜமாவே ஒழிஞ்சவங்களை மட்டும் எடுத்தா 19. 'பாதியா குறைஞ்சதுன்னீங்க, இப்போ 14-ன்னு சொல்றீங்களே?' நியாயமான கேள்வி. இங்கே காலம் பாதிதான் ஆகியிருக்கு, கிருமி போகாதவங்களும் இந்தக் கணக்கில் உண்டு. நடுவுல கொரியாவிலும் ஒண்ணு நடந்தது. அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்களில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தா, அவங்களுக்கு பைலோரி மருந்து. 2020-ல் வந்த ரிசல்ட்: மருந்துக் கோஷ்டியில் 1.2 சதவிகிதம், சும்மா மாத்திரைக் கோஷ்டியில் 2.7.

இதைப் படிச்சுட்டு, 'ஐயோ, எனக்கும் கேன்சர் வந்துடுமோ'ன்னு இன்னிக்கு ராத்திரி நெட்டுல தேடாதீங்க. இந்தியாவில் பைலோரி ரொம்ப சகஜம். ஆனா இரைப்பைப் புற்றுநோய் ஜப்பான், கொரியா அளவுக்கு இங்கே இல்லை. ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். மிசோரமில் ரொம்ப அதிகம். வாட்டிப் புகை போட்ட இறைச்சி, புகையிலைப் புகையை இறக்கின துய்புர் என்கிற தண்ணி எல்லாம் அங்கே சேர்ந்துக்குது. வட இந்திய நகரங்களோடு பார்த்தா நம்ம சென்னையிலும் கொஞ்சம் அதிகம்தான். ஆனா எங்கே இருந்தாலும் கிருமி உள்ளவங்களில் பெரும்பாலானவங்களுக்குக் கேன்சர் வர்றதில்லை. அதே சமயம், 2008-லிருந்து 2017-க்குள் பிறந்த குழந்தைகளில், அதாவது உங்க கடைசித் தம்பி தங்கச்சி செட்டில், உலகம் முழுக்க 1 கோடியே 56 லட்சம் பேருக்கு வாழ்நாளில் இரைப்பைப் புற்றுநோய் வரலாம், அதில் நாலில் மூணு பங்கு பைலோரியால்தான் என்று 2025-ல் ஒரு மதிப்பீடு வந்திருக்கு. தடுக்கிறதுக்கு வழியிருந்தும் தடுக்காத கணக்கு அது.

உங்க எரிச்சலுக்கு வருவோம். ஹாஸ்டல் எரிச்சல் எல்லாம் பைலோரி கிடையாது. தலைவலிக்கும் முழங்கால் வலிக்கும் வாங்கி முழுங்கற வலி மாத்திரை, அல்சருக்கு இன்னொரு பெரிய காரணம். ஆனா காரணமில்லாமல் எடை குறையறது, மலம் தார் மாதிரி கறுப்பாப் போறது, ரத்த வாந்தி, முழுங்கும்போது சிக்கறது... இதில் ஒண்ணு இருந்தாலும், உங்களுக்கோ வீட்டில் இருக்கிற பெரியவங்களுக்கோ, பிங்க் மருந்தைத் தள்ளி வெச்சுட்டு அன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும். அப்பா அம்மா, அண்ணன் அக்காவில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தா, எரிச்சலே இல்லைன்னாலும் பைலோரி டெஸ்ட் எடுக்கலாமான்னு கேளுங்க.

மெடிக்கல் ஷாப்பில் நேரா போய் 'பைலோரி கிட் கொடுங்கண்ணே'ன்னு வாங்கறது, நாலு நாள் சாப்பிட்டு வயிறு புரட்டுதுன்னு நிறுத்தறது, இந்த வேலையே வேண்டாம். இந்தக் கிருமிக்கு இந்தியாவில் மெட்ரோனிடசோல் ஏற்கெனவே நிறையப் பேரிடம் வேலை செய்யறதில்லை. அரைகுறையாச் சாப்பிட்டா மிச்ச மருந்துகளும் அந்த வழிக்குப் போகும். வழக்கமா ரெண்டு வாரம், ஒரு வேளை தவறாமல் சாப்பிடணும். முடிச்சு நாலு வாரம் கழிச்சு கிருமி போயிடுச்சான்னு திரும்ப டெஸ்ட்.

டெஸ்ட்டுக்கு எப்பவும் குழாய் விடணும்னு இல்லை. மூச்சு டெஸ்ட் இருக்கு. கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடிக்கச் சொல்வாங்க. உள்ளே பைலோரி இருந்தா, அதோட யூரியேஸ் அதை உடைக்கும், அந்தக் கார்பன் உங்க மூச்சில் வெளியே வரும். கிருமி தன்னைக் காப்பாத்திக்கிற அதே தந்திரம் அதைக் காட்டிக் கொடுத்துடும்! போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் வகையறாவையும் நாலு வாரம் முன்னாடியே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்கணும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு. இல்லைன்னா கிருமி பதுங்கிக்கிட்டு 'நெகட்டிவ்'னு வந்துடும்.